கவுன்டரில் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது?

(திருச்சியில் வாசகர் வட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விமான நிறுவனங்களின் தலைமைப் பொறுப்புகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் இந்த ஊர் விமான நிலையத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் செக்-இன் கவுன்டருக்குப் பின்னால் நின்றவன். தலைமை என்றால் என்ன என்பதை அங்கே நின்றுதான் கற்றுக்கொண்டேன். எங்கோ ஓர் அறையில் எடுத்த முடிவு எதுவாக இருந்தாலும், கடைசியில் அது எங்கள் எடை மேடைக்கு வந்து சேர்ந்துவிடும்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் வரிசையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அட்டைப் பெட்டி, அதைச் சுற்றி நைலான் கயிறு, மார்க்கர் பேனாவில் பெரிதாக எழுதிய பெயர். பெட்டியை மேடையில் வைத்தால் மூன்று கிலோ கூடுதல். "சார், மூணு கிலோதானே சார்" என்பார். கட்டணத்தைச் சொன்னால் முகம் மாறிவிடும். வரிசையை விட்டு ஒதுங்கித் தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்ப்பார். ஊறுகாய் பாட்டில், சாம்பார்ப் பொடி, முறுக்கு டப்பா, மகள் வரைந்து கொடுத்த படத்தைச் சுருட்டி வைத்த காகிதக் குழல் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். வழியனுப்ப வந்த மனைவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மூன்று கிலோவைத் தள்ளுபடி செய்ய என் கணினியில் வழி இருந்தது. அதற்கான அனுமதி எனக்கு இல்லை. என் மேற்பார்வையாளருக்கும் இல்லை. அனுமதி இருந்தவர் வேறு ஊரில் தூங்கிக்கொண்டிருந்தார். அப்போது மணி இரவு இரண்டு.

யாரிடம் அந்த அனுமதி இருக்க வேண்டும்? என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

ஒரு விமான நிறுவனம் என்றால் பயணிக்குத் தெரிவது கவுன்டரில் இருப்பவர், விமானப் பணிப்பெண், ஒலிபெருக்கியில் வரும் விமானியின் குரல். அவருடைய பயணத்தை உண்மையில் வடிவமைப்பவர்களை அவர் பார்ப்பதே இல்லை. எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, எந்த அளவு விமானம் என்று அட்டவணை போடுகிறது ஒரு துறை. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் ஏன் வேறு வேறு விலை கொடுத்தார்கள் என்பதையும், 180 இருக்கைக்கு எத்தனை டிக்கெட் விற்கலாம் என்பதையும் முடிவு செய்கிறது வருவாய்த் துறை. இருக்கைக்கும் இருக்கைக்கும் இடையே உங்கள் முழங்காலுக்கு எத்தனை அங்குலம் என்பதில் நிதித் தலைவருக்கும் பங்கு உண்டு. விமானமும் விமானியும் பணிக்குழுவும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வந்து சேரும்படி பார்த்துக்கொள்பவர் தலைமை இயக்க அதிகாரி. இவர்களுக்கு மேலே தலைமைச் செயல் அதிகாரி. அண்மைக் காலத்தில் பல நிறுவனங்களில் வாடிக்கையாளர் அனுபவத்துக்கென்றே ஓர் உயர் அதிகாரியும் வந்திருக்கிறார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிர்வாக வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு கதை உண்டு. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டல் 1980களில் சாலட்டில் இருந்து ஒரே ஓர் ஆலிவ் காயை எடுத்துவிட்டு ஆண்டுக்கு 40,000 டாலர் மிச்சப்படுத்தினார் என்பது. கதை உண்மைதான். ஆனால் அந்த ஆலிவ் காயைப் பயணிகள் யாரும் தேடவில்லை. கிராண்டல் காலத்து அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பயணியின் வாழ்க்கையில் செய்த பெரிய மாற்றம் வேறு. 1978இல் அமெரிக்காவில் கட்டணக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு, 1981இல் அந்த நிறுவனம் அடிக்கடி பறப்போருக்கான புள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு, கணினியை வைத்துக்கொண்டு எந்த இருக்கையை எந்த நாளில் எந்த விலைக்கு விற்பது என்று கணக்கிடும் முறையை வளர்த்தெடுத்தது. இன்று நீங்கள் காலையில் பார்த்த விலை மாலையில் மாறியிருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. ஆலிவ் காய் கண்ணில் பட்டது. இந்தக் கணக்கு யார் கண்ணிலும் படவில்லை. பயணியைத் தொடுகிற முடிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

இனி நான் மிகவும் மதிக்கும் ஒருவரிடம் வருகிறேன். ஸ்வீடன், டென்மார்க், நார்வே மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்திய எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் தலைவராக 1981இல் பொறுப்பேற்ற யான் கார்ல்சன். அப்போது அவருக்கு வயது 39. நிறுவனம் நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு புதிய தலைவர் செலவைக் குறைப்பார். கார்ல்சன் அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டார். ஆண்டுக்கு ஒரு கோடிப் பயணிகள். ஒவ்வொருவரும் எஸ்ஏஎஸ் ஊழியர்களில் ஏறக்குறைய ஐந்து பேரைச் சந்திக்கிறார். ஒரு சந்திப்பு சராசரியாகப் பதினைந்து விநாடி. ஆக, ஆண்டுக்கு ஐந்து கோடி முறை, பதினைந்து பதினைந்து விநாடிகளாக, எஸ்ஏஎஸ் நல்ல நிறுவனமா இல்லையா என்பது பயணியின் மனதில் முடிவாகிறது. அந்த ஐந்து கோடித் தருணங்களில் ஒன்றில்கூடத் தலைவர் அருகில் இருக்கப் போவதில்லை.

இந்தக் கணக்கை முதன்முதலில் படித்தபோது நான் இரவுப் பணி முடிந்து வீடு திரும்பியிருந்தேன். அன்றிரவு என் கவுன்டருக்கு வந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். என் பதினைந்து விநாடிகளில் பாதியை "மேலிடத்தில் கேட்க வேண்டும்" என்று சொல்லியே கழித்திருந்தேன்.

கார்ல்சன் செய்தது இதுதான்: அந்தப் பதினைந்து விநாடியில் முடிவெடுக்கும் உரிமையை அங்கே நிற்பவரிடமே கொடுத்தார். ஸ்வீடிஷ் மொழியில் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே பிரமிடுகளை இடித்துத் தள்ளுங்கள் என்பதுதான். அதில் வரும் ஒரு நிகழ்ச்சி பலருக்கும் தெரிந்தது. ஓர் அமெரிக்க வணிகர் ஸ்டாக்ஹோமில் தங்கியிருந்த ஓட்டல் அறையிலேயே டிக்கெட்டை மறந்து வைத்துவிட்டு விமான நிலையத்துக்கு வந்துவிடுகிறார். காகித டிக்கெட் காலம் அது. டிக்கெட் இல்லையென்றால் பயணம் இல்லை. கவுன்டரில் இருந்த பெண் அவருக்கு போர்டிங் அட்டையும் தற்காலிக டிக்கெட்டும் கொடுத்துவிட்டு, ஓட்டலுக்கு போன் செய்கிறார். அறையில் டிக்கெட் இருக்கிறது. நிறுவனத்தின் காரை அனுப்பி அதை எடுத்து வரச் செய்கிறார். விமானம் கிளம்பும் முன் டிக்கெட் அவர் கைக்கு வந்துவிடுகிறது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். அந்தப் பெண் நல்லவர் என்பதால் மட்டும் இது நடக்கவில்லை. என்னுடன் வேலை பார்த்தவர்களும் நல்லவர்கள்தான். எங்களிடம் அனுப்புவதற்குக் கார் இல்லை, காரை அனுப்பும் உரிமையும் இல்லை.

கார்ல்சன் அத்துடன் நிற்கவில்லை. எஸ்ஏஎஸ் புதிதாக வாங்கியிருந்த பெரிய ஏர்பஸ் விமானங்களை ஓரம் கட்டினார். பெரிய விமானத்தை நிரப்ப வேண்டுமானால் ஒரு நாளுக்கு ஒன்றிரண்டு முறைதான் பறக்க முடியும். வேலை நிமித்தம் போகிறவருக்கு வேண்டியது நேரடியான, அடிக்கடி கிளம்பும் விமானம். அதற்குப் பழைய, சிறிய டிசி-9 போதும். புதிய விமானத்தைப் பெருமைக்காகப் பறக்க விடும் ஆசையை அடக்குவது எந்தத் தலைவருக்கும் எளிதல்ல. அதேபோல் கோபன்ஹேகனில் விமானம் மாறுகிற பயணிகள் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு மூட்டை முடிச்சோடு நடந்தார்கள். விமானங்களை நிறுத்துமிடம் பராமரிப்புப் பிரிவின் வசதிக்காகத் தீர்மானிக்கப்பட்டிருந்தது. மனிதர்களை நடக்கவிடுவதற்குப் பதில் விமானங்களை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்துங்கள் என்றார் அவர்.

ஆனால் அதே புத்தகத்தில் என் மனதை மிகவும் தொட்ட பகுதி, அவர் தோற்ற இடம். பனியால் ஒரு விமானம் தாமதமாகிறது. பயணிகளுக்கு இலவசமாகக் காபியும் பிஸ்கட்டும் கொடுக்க நினைக்கிறார் விமானத்தின் தலைமைப் பணிப்பெண். அனுபவத்தில் அவருக்குத் தெரியும், கூடுதலாக நாற்பது வேண்டும். உணவுப் பிரிவின் மேற்பார்வையாளரிடம் கேட்கிறார். விதியில் இடமில்லை என்று அவர் மறுத்துவிடுகிறார். பணிப்பெண் சுற்றிப் பார்க்கிறார். பக்கத்து கேட்டில் ஃபின்னேர் விமானம் நிற்கிறது. ஃபின்னேருக்கும் அதே சமையலறையிலிருந்துதான் உணவு. அந்நிய நிறுவனம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அந்த விமானத்துப் பணிப்பெண்ணிடம் சொல்லி, அவர் பெயரில் நாற்பது காபியும் பிஸ்கட்டும் வாங்கி, சில்லறைச் செலவுப் பணத்தில் கொடுத்து முடிக்கிறார்.

கேட்பவர்கள் அந்தப் பெண்ணைப் பாராட்டுவார்கள். கார்ல்சன் அந்த மேற்பார்வையாளர் பக்கம் திரும்பிப் பார்த்தார். மேலே இருந்தவர்கள் முன்வரிசை ஊழியர்களிடம் நேரடியாகப் பேசி உரிமையைக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் இருந்தவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நேற்று வரை விதியைக் காப்பதுதான் அவர் வேலை. இன்று அவருக்குக் கீழே இருப்பவர் விதியைத் தாண்டுகிறார். தன் வேலை என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. இந்தத் தவறு தன்னுடையது என்று கார்ல்சன் எழுதியிருக்கிறார். நடுவில் இருப்பவரைத் தவிக்கவிட்டுவிட்டு, கீழே இருப்பவருக்குக் கொடுக்கும் உரிமை நிலைக்காது. இருபத்தெட்டு ஆண்டுகளில் நானும் இதைக் கண்ணால் கண்டேன்.

இந்த உரிமை இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? 2017 ஏப்ரல் 9. சிகாகோ ஓஹேர் விமான நிலையம். லூயிவில் நகரத்துக்குக் கிளம்பும் யுனைடெட் 3411. பயணிகள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. அப்போது தங்கள் பணிக்குழுவைச் சேர்ந்த நால்வருக்கு இடம் வேண்டும் என்கிறார்கள். யாராவது இறங்கினால் 400 டாலருக்கான பயணச் சீட்டு, பிறகு 800 டாலர் என்கிறார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஏலம் 800இல் நின்றுவிட்டது. கணினி நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தது. மூவர் இறங்கினார்கள். நான்காமவர் 69 வயது மருத்துவர், காலையில் நோயாளிகள் காத்திருப்பார்கள் என்று மறுத்தார். விமான நிலையப் பாதுகாப்பு அலுவலர்கள் வந்து அவரை இருக்கையிலிருந்து இழுத்தார்கள். முகத்தில் ரத்தம் வழிய, இரு இருக்கை வரிசைகளுக்கு நடுவே தரையோடு இழுத்துச் சென்றதை உலகமே கைப்பேசியில் பார்த்தது.

உங்களில் பலர் அன்று அந்த அலுவலர்கள் மேல் கோபப்பட்டிருப்பீர்கள். நானும் கோபப்பட்டேன். ஆனால் என் எண்ணம் அந்த கேட்டில் நின்ற ஊழியரிடமே போய்ப் போய் நின்றது. 1,000 டாலர், 1,500 டாலர் என்று சொல்லியிருந்தால் யாரோ ஒருவர் கையைத் தூக்கியிருப்பார். விருப்பமில்லாமல் இறக்கிவிடப்படும் பயணிக்கு அன்றைய அமெரிக்க விதிப்படி தர வேண்டிய உச்ச இழப்பீடே 1,350 டாலர்தான். விமான நிறுவனத்துக்கு அது பெரிய தொகை இல்லை. அந்த ஏலத்துக்கு 800இல் கூரை போட்டது யார்? அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஆஸ்கர் முனோஸ் முதலில் வெளியிட்ட அறிக்கை, பயணிகளுக்கு மாற்று ஏற்பாடு செய்ய நேர்ந்ததற்காக மன்னிப்புக் கேட்டது. ரத்தம் வழிந்த முகத்தைப் பார்த்த மக்களுக்கு அந்தச் சொல் பொறுக்கவில்லை. மறுநாள் அவர் முழு மன்னிப்புக் கேட்டார். மாத இறுதிக்குள் விதிகள் மாறின. உட்கார்ந்த பயணியை அவர் விருப்பமின்றி எழுப்பக் கூடாது, தானாக விட்டுக்கொடுப்பவருக்கு 10,000 டாலர் வரை கொடுக்கலாம், சிக்கலை அந்த இடத்திலேயே தீர்க்கும் அதிகாரம் ஊழியருக்கு உண்டு. இது ஏப்ரல் 8ஆம் தேதியே கையெழுத்தாகியிருக்கலாம். அதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்படவில்லை.

நல்ல செய்தி ஒன்றும் சொல்கிறேன். கான்டினென்டல் ஏர்லைன்ஸ் 1983இலும் 1990இலும் என இரண்டு முறை திவாலான நிறுவனம். 1994இல் தலைமைக்கு வந்தார் கார்டன் பெதூன். விமானம் நேரத்துக்கு வந்து சேர்வதில் அந்த நிறுவனம் பெரிய அமெரிக்க நிறுவனங்களுக்குள் கடைசி இடத்தில் இருந்தது. தாமதத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் டாலர் வீணாகிறது என்று கண்டார்கள். பெதூன் அதில் பாதியை ஊழியர்களுக்கே பிரித்துக் கொடுப்பதாகச் சொன்னார். நேரம் தவறாமையில் முதல் ஐந்து இடங்களுக்குள் வரும் ஒவ்வொரு மாதமும் ஆளுக்கு 65 டாலர். விமானிக்கும் அதே வாய்ப்பு, பெட்டி தூக்குபவருக்கும் அதே வாய்ப்பு. சில மாதங்களுக்குள் முதலிடத்தைப் பிடித்தார்கள். எது கூடாது, எது கூடாது என்று அடுக்கிய பழைய விதிப் புத்தகத்தை ஊழியர்களை விட்டே வாகன நிறுத்துமிடத்தில் எரிக்கச் செய்தார். அந்த நெருப்பை நான் பார்க்கவில்லை. ஆனால் என் கவுன்டருக்குக் கீழே இருந்த தடித்த கோப்பை நினைக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் எரியும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபாலைச் சுமந்து பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டுவந்தார். டாட்டா விமானச் சேவையின் முதல் பாதை சென்னையில்தான் வந்து முடிந்தது. 1953இல் ஏர் இந்தியா அரசுடைமையான பிறகும் 1978 வரை அதன் தலைவராக ஜே.ஆர்.டி. இருந்தார். தம் நிறுவன விமானத்தில் பயணியாக உட்காரும்போதெல்லாம் அவர் குறிப்பு எழுதினார். தேநீரின் நிறம், இருக்கை எவ்வளவு சாய்கிறது, கழிவறையின் நிலை, பணியாளரின் உடை என ஒன்றையும் விடவில்லை. இறங்கியதும் அது உரிய பிரிவுக்குப் போய்விடும். தூசி படிந்த ஒரு கவுன்டரை அவரே துணி வாங்கித் துடைத்தார் என்று பழைய ஏர் இந்தியாக்காரர்கள் சொல்வார்கள். பயணியின் இருக்கையில் பயணியாகவே உட்கார்ந்து பார்ப்பது ஒரு தலைவருக்கு எளிதல்ல. அவர் வருகிறார் என்றால் எல்லாம் துடைத்து வைக்கப்பட்டிருக்கும். அதையும் மீறிப் பார்ப்பதற்கு ஒரு கண் வேண்டும்.

இங்கே ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்லாவிட்டால் நான் நியாயமாகப் பேசியவன் ஆக மாட்டேன். ஜே.ஆர்.டி. காலத்து விமானத்தில் நம்மில் எத்தனை பேர் ஏறியிருக்க முடியும்? 2003இல் கேப்டன் ஜி.ஆர். கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கினார். விமானத்தில் சாப்பாடு கிடையாது, வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்குச் சிறிய ஏடிஆர் விமானம் போனது. ஒரு ரூபாய்க்கும் டிக்கெட் விற்றார்கள். 'சூரரைப் போற்று' படத்தின் வழியே அவர் வாழ்க்கையின் சாயல் உங்கள் வீட்டுக்கே வந்தது. வாழ்நாளில் முதல்முறை விமானத்தில் ஏறும் கிழவிக்கு, தட்டில் உணவு வரவில்லையே என்பது குறையாகத் தெரியாது. ஏற முடிந்ததே அவருக்குப் பெரிய அனுபவம். ஆகவே செலவைக் குறைக்கும் நிதித் தலைவரை வில்லனாக்க நான் இங்கு வரவில்லை. மூன்று கிலோவுக்குக் கட்டணம் கேட்பதும் குற்றமில்லை. குறைந்த விலைக்கு விற்கும் நிறுவனம் எங்காவது வசூலித்துத்தான் ஆக வேண்டும். ஐரோப்பாவின் ரயன்ஏர் நிறுவனமும் அப்படித்தான் வளர்ந்தது. பயணிகளின் கோபம் பங்குதாரர் கூட்டம் வரை எட்டிய பிறகு, 2013இல் மைக்கேல் ஓலியரி தேவையில்லாமல் மக்களை எரிச்சலூட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு முன்பதிவு இருக்கை வந்தது. பயணிகள் கூடினார்கள். எதைக் குறைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எதைக் குறைக்கவே கூடாது என்பதை அண்மையில் நம் நாடே பார்த்தது. இந்திய உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் சுமக்கும் இண்டிகோ, 2025 டிசம்பர் முதல் வாரத்தில் தடுமாறி விழுந்தது. விமானிகளின் களைப்பைக் குறைக்க விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புதிய பணிநேர விதிகளைக் கொண்டுவந்திருந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. ஒரு விமானி இரவில் தரையிறக்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டு. விதிகள் வெளியானது 2024 ஜனவரியில். முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 1. இடையில் இருபது மாதத்துக்கு மேல் இருந்தது. டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாட்களில் 2,507 விமானங்கள் ரத்தாயின. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடு முழுக்க விமான நிலையங்களில் சிக்கிக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர், காரியத்துக்குப் போகிறவர், தேர்வு எழுதப் போகும் பிள்ளை எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

அந்த நாட்களின் காணொளிகளைப் பார்த்தபோது என்னால் உட்கார முடியவில்லை. கவுன்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். எதிரே நூற்றுக்கணக்கானோர் கத்துகிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் கார்ல்சன் வந்து எல்லா உரிமையையும் கொடுத்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? கொடுப்பதற்கு அடுத்த விமானம் இல்லை. விமானத்தை ஓட்டக் கூடுதல் விமானி இல்லை. உரிமை மட்டும் போதாது, கைவசம் கொஞ்சம் மிச்சமும் இருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. இயக்குநரகம் அமைத்த விசாரணைக் குழுவும் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து உச்சத்துக்கு ஓட்டியதும், புதிய விதிக்குத் தயாராகாததும்தான் காரணம் என்றது. அடுத்த ஜனவரியில் 22 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. நம் நாட்டு விதிப்படி ஒவ்வொரு விமான நிறுவனத்திலும் பொறுப்பேற்கும் மேலாளர் என்று ஒருவர் பெயர் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இண்டிகோவில் அந்தப் பொறுப்பு தலைமை இயக்க அதிகாரியிடம் இருந்தது. தலைமைச் செயல் அதிகாரியோடு அவருக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. அது சரியான முகவரி.

அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸுக்கு நேர்ந்ததும் இதற்கு உறவுக்காரக் கதை. ஊழியரை மதிப்பதில் உலகத்துக்கே பாடம் எடுத்த நிறுவனம் அது. நிறுவனர்களில் ஒருவரான ஹெர்ப் கெல்லஹரிடம் சட்ட அலுவலகச் செயலாளராகச் சேர்ந்த காலீன் பாரெட், 2001இல் அந்த நிறுவனத்தின் தலைவராகவே உயர்ந்தார். பயணியைக் கவனிக்கும் அதன் பண்பாட்டை வளர்த்தவர் அவர் என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படிப்பட்ட நிறுவனத்தில் 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் பனிப்புயல் அடித்தபோது, மற்ற நிறுவனங்கள் ஓரிரு நாளில் எழுந்து நின்றன. சவுத்வெஸ்டுக்குத் தன் விமானிகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் போனது. பணிக்குழுவைப் பொருத்தும் மென்பொருள் பழையது. எங்கே போக வேண்டும் என்று கேட்க விமானிகள் மணிக்கணக்கில் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். சுமார் 16,900 விமானங்கள் ரத்து, 20 லட்சம் பயணிகள் தவிப்பு, 14 கோடி டாலர் அபராதம். அந்த மென்பொருளைப் புதுப்பிக்கும்படி தொழிற்சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஊழியரின் அன்பு அங்கே குறையவே இல்லை. அந்த அன்பைத் தாங்குவதற்கான கருவியில் காசு போடவில்லை.

வாடிக்கையாளர் அனுபவ அதிகாரியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். பல இடங்களில் அவருடைய ஆளுகை சீருடையில், உணவுப் பட்டியலில், செயலியின் நிறத்தில் முடிந்துவிடுகிறது. எத்தனை விமானிகளைக் காத்திருப்பில் வைப்பது, இரண்டு பறத்தலுக்கு நடுவே எத்தனை நிமிடம் விடுவது, கேட்டில் நிற்பவர் எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பதில் அவருக்குச் சொல் இல்லை. பயணியின் அனுபவம் அங்கேதான் முடிவாகிறது. இயக்க அதிகாரியும் நிதித் தலைவரும் அட்டவணையை இறுதி செய்யும் மேசையில், "இது ஓடாது" என்று சொல்லி நிறுத்தும் உரிமை அவருக்கு வேண்டும். அது இல்லாதவரை அந்தப் பதவி பலகையில் ஒரு பெயர்தான்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். நான் வேலை பார்த்த நிறுவனங்களில் ஒன்று, பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரு காலகட்டத்தில் அதன் தலைமைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். ஒரு நாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. கூடுதல் எடையில் ஐந்து கிலோ வரை, கவுன்டரில் இருப்பவர் தம் முடிவின்படி விட்டுக்கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, காரணத்தை ஒரு நோட்டில் எழுத வேண்டும். மேலாளர்கள் பயந்தார்கள். எல்லாரும் ஐந்து கிலோ கேட்பார்கள், வருமானம் போய்விடும் என்றார்கள். முதல் வாரம் நாங்களும் பயந்தோம், யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று. பிறகு பழகிவிட்டது. பத்துப் பேர் கேட்டால் இரண்டு பேருக்குக் கொடுத்தோம். மறுக்கும்போதும் "மேலிடம்" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இல்லைண்ணே, இன்னைக்கு முடியாது" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டார்கள்.

ஓராண்டுகூட முடியவில்லை. தலைமை மாறியது, சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. கணக்கில் எங்களால் பெரிய இழப்பு ஒன்றும் வரவில்லை என்று எங்கள் நிலைய மேலாளரே வருத்தத்தோடு சொன்னார். அந்த நோட்டை யாரும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற நாளில் அதை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பல கையெழுத்துகள். இரண்டு கிலோ, தாயாருக்கு மருந்து. ஐந்து கிலோ, இறந்தவரின் துணிமணிகள், குடும்பத்தாரிடம் ஒப்படைக்க. ஒரு கிலோ, கோயில் பிரசாதம், அழுதுகொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. நான்கு கிலோ. கிரைண்டர் கல். சிங்கப்பூரில் மகளுக்கு, தலைப்பிரசவம்.